மூக்குக்குச் சாதி தெரியாது, சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும்

முதல் மழை விழுந்த மறுநாள் முகநூலைத் திறந்தால் போதும், மண்வாசனை பற்றி நூறு பதிவுகள் வந்து நிற்கும். பாட்டி வீட்டு ஃபில்டர் காபி, மார்கழிக் கோயில் பிரகாரத்துத் துளசி, தாத்தாவின் விபூதிச் சம்படம், கொல்லைப்புறத்துப் பவழமல்லி. ஒரு வாசனை மூக்கைத் தொட்டதும் ஐம்பது வருடம் பின்னால் போய்விட்டதாக உருகி உருகி எழுதுவார்கள். வாசனைக்கும் நினைவுக்கும் மூளையில் நேரடித் தொடர்பு உண்டு என்ற அறிவியல் துணுக்கு ஒன்றும் கூடவே வரும். கடைசி வரியில், வாசனை மனிதர் எல்லோரையும் இணைக்கிறது என்று முடிப்பார்கள்.

அதே ஆட்களிடம் வாடகைக்கு வீடு கேட்டுப் போங்கள். "நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்லைங்க. ஆனா கவிச்சி வாடை எங்களுக்கு ஒத்துக்காது. பழக்கமில்ல பாருங்க" என்பார்கள்.

உருகுவதும் ஒதுக்குவதும் வேறு வேறு சங்கதி என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்கிறோம் நாங்கள். துளசியை மோந்து கண் கலங்க வைக்கிற அதே மூளைப் பாதைதான் எங்கள் அடுப்பிலிருந்து வரும் ஆவிக்கு மூக்கைப் பொத்தவும் வைக்கிறது. முன்னதை நினைவு என்று ஒப்புக்கொள்கிறவர்கள், பின்னதை இயற்கை என்று சாதிக்கிறார்கள். எங்கள் சண்டை அந்த 'இயற்கை' என்ற சொல்லோடு.

அறிவியலை அவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் படிப்போம்.

மூச்சோடு உள்ளே போகும் நுண்ணிய மூலக்கூறுகளை மூக்கின் மேற்கூரையில் உள்ள நரம்பணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றிலுள்ள ஏற்பிகள் மனிதர்களுக்கு ஏறத்தாழ 400 வகை. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற இருவர் 1991-இல் கண்டறிந்து எழுதினார்கள். 2004-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் தாலமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்துதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். வாசனைக்கு அந்தச் சோதனைச்சாவடி இல்லை. நுகர்வுக் குமிழிலிருந்து உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு அது நேராகப் போய்விடுகிறது. நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் பக்கத்திலேயே இருக்கிறது. என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்பே நெஞ்சு பதறுவதும் இளகுவதும் இதனால்தான். உணர்ச்சி முதலில் வருகிறது, காரணத்தைப் பிறகுதான் தேடுகிறோம்.

நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் இன்னொன்றும் கண்டிருக்கிறார்கள். ஒரு சொல்லையோ படத்தையோ காட்டினால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் விடலைப் பருவமும் இளமைக் காலமும் நினைவுக்கு வருகின்றன. வாசனையைக் காட்டினால் அதற்கும் முந்தைய காலம் வருகிறது, பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்ட காலம்.

பத்து வயதுக்குள் இந்த நாட்டில் ஒரு குழந்தை வேறென்ன கற்றுக்கொள்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது, யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அந்த வயதில்தான் ஊட்டப்படுகிறது. எங்கள் தெருமுனையைக் கடக்கும்போது அம்மா முந்தானையை மூக்கில் வைக்கிறாள். கையைப் பிடித்து வரும் பிள்ளை அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. பாடம் முடிந்தது. புத்தகமும் வேண்டாம், ஒரு சொல்லும் வேண்டாம். முப்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளை ஒரு அலுவலகத்தில் அதிகாரியாக உட்கார்ந்து, "எனக்குச் சாதி உணர்வே கிடையாது, ஆனால் அந்த வாடை மட்டும்..." என்று இழுக்கும்போது பேசுவது மூக்கு அல்ல, அம்மாவின் முந்தானை.

பிறவியிலேயே வந்த அருவருப்பு என்பார்கள். அழுகிய பொருளிலிருந்து விலகுகிற இயல்பு ஓரளவு பிறவியிலேயே இருக்கட்டும். ஆனால் மாட்டுக்கறியையும் கருவாட்டையும் உழைப்பாளியின் வியர்வையையும் ஒரு தெருவையும் அருவருக்கிற குழந்தை எங்கும் பிறப்பதில்லை. தவழும் பிள்ளை தன் மலத்தையே அளைந்து விளையாடும். அது 'சீ' என்று பெரியவர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் 'சீ' நலவாழ்வுக்குத் தேவையான பாடம். அதே குரலில், அதே முகச்சுளிப்போடு, மனிதர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததுதான் சாதி செய்த வேலை.

2001-இல் ரேச்சல் ஹெர்ஸ் என்ற ஆய்வாளர் தன் சக ஆய்வாளருடன் ஒரு சோதனை செய்து வெளியிட்டார். ஒரே அமிலக் கலவையை ஒரு முறை பார்மேசான் பாலாடைக்கட்டி என்று சொல்லி மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு முறை வாந்தி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாலாடைக்கட்டி என்றபோது பிடித்தது, வாந்தி என்றபோது குமட்டியது. இரண்டும் ஒரே பொருள் என்பதைப் பலர் நம்பவே மறுத்தார்கள். 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதைப் போலவே செய்தார்கள். ஒரே வாசனைக்கு 'செடார் பாலாடைக்கட்டி' என்றும் 'உடல் நாற்றம்' என்றும் மாற்றி மாற்றிப் பெயர் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். மூலக்கூறு மாறவில்லை. பெயர் மாறியதும் மூளை வேலை செய்த விதமே மாறியது.

ஒட்டிய சீட்டைத்தான் மூளை மோந்து பார்த்தது. சாதியும் அப்படி ஒட்டப்பட்ட சீட்டுதான்.

ஆய்வுக்கூடம் வரை போக வேண்டாம், சமையற்கட்டுக்கே வாருங்கள். பெருங்காயத்தின் வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. ஐரோப்பியர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'பிசாசின் சாணம்'. ஆச்சாரமான வீடுகளில் அது ரசத்தின் மணம், அம்மாவின் மணம். அந்த வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் உட்கார்ந்து பெருங்காய டப்பாவைத் திறந்து அழுகிறது. அழட்டும், தப்பில்லை. எங்கள் பிள்ளை உப்புக்கண்டம் வதக்கும் வாடையில் தன் ஆத்தாவை நினைத்துக்கொண்டால் மட்டும் மாடிவீட்டுக்காரர் ஏன் கதவை அறைந்து சாத்துகிறார்?

பாலாற்றங்கரைக்கு வாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பச்சைத் தோலை உப்பிலிருந்து எடுத்து, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் நீக்கிப் பதப்படுத்தும் தொழிலாளிகளில் எங்கள் மக்கள் ஏராளம். வேலை முடிந்து பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார். அதே தோல் காலணியாகவும் கார் இருக்கையாகவும் மாறிக் குளிரூட்டப்பட்ட கடைக்குள் போனதும் 'ஒரிஜினல் லெதர் மணம்' என்று நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். அந்த மணத்தைப் புட்டியில் அடைத்து வாசனைத் திரவியமாகக்கூட விற்கிறார்கள். தோலுக்கு மணம், தோல் பதப்படுத்தியவனுக்கு நாற்றம். இது எந்த வேதியியல்?

சொற்களும் இந்தக் கதையைச் சொல்கின்றன. சங்க இலக்கியத்தில் நாற்றம் என்றால் நறுமணம். ஆண்டாள் காலத்திலும் நாறுவது என்றால் மணப்பதுதான். இன்று அந்தச் சொல் சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. சேரியும் அப்படியே. சேர்ந்து வாழும் இடம் என்பதுதான் அதன் பொருள். சோழர் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு. பிறகு மற்றவர்களின் இடங்களுக்கெல்லாம் வேறு பெயர் வந்தது, எங்கள் இடம் மட்டும் சேரி என்று நின்றது. நாற்றமும் சேரியும் இழிசொல்லாகி இன்று ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இதற்கும் இயற்கைதான் காரணமா?

மகாடு நிகழ்ச்சியை எல்லோரும் படித்திருப்பீர்கள். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் எங்கள் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சாதி இந்துக்கள் 108 குடம் கொட்டிச் சுத்தம் செய்தார்கள். குடத்தில் இருந்தது பாலும் தயிரும் மட்டுமல்ல, மாட்டுச் சாணமும் மாட்டு மூத்திரமும்கூட. ஒரு மனிதன் கைகுவித்துக் குடித்த தண்ணீரைவிடச் சாணம் கரைத்த தண்ணீர் தூய்மையானது என்று எந்த மூக்கு சொன்னது? மூக்கு அங்கே சாட்சிக்கே அழைக்கப்படவில்லை. தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. உழைக்கும் மக்கள் நாறுவார்கள் என்று தன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே புகட்டப்பட்டதை ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் வெளிப்படையாக எழுதினார். கருத்தால் ஏற்பட்ட வெறுப்பைக் கடந்துவிடலாம், உடலில் புகுந்த அருவருப்பைக் கடப்பதுதான் கடினம் என்று அவர் கண்டார். 2019-இல் வந்த 'பாரசைட்' என்ற கொரியத் திரைப்படத்தில் பணக்கார முதலாளிக்கு ஓட்டுநரின் எல்லாமே பிடிக்கும், வாடையைத் தவிர. அந்தப் படத்தைப் பார்த்து இங்கே பாராட்டியவர்களில் எத்தனை பேர் தன் வீட்டு வேலைக்கார அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள்?

இனி எங்கள் நினைவுக்கு வருவோம். வாசனை நினைவைக் கிளறும் என்றால் எங்கள் நினைவையும் கிளறத்தான் செய்யும்.

எங்களுக்கும் இனிமையான வாசனைகள் உண்டு. வைக்கோல் நெருப்பில் பறையைக் காய்ச்சும்போது எழும் சூடான தோல் வாசம், கொடியில் காயும் கண்டத்தின் வாசம், நெல் அவிக்கும் அண்டாவின் ஆவி. இவற்றை எந்தப் பத்திரிகை மலரிலும் மண்வாசனை என்று யாரும் சேர்ப்பதில்லை. நாங்கள் எழுதினால் 'வட்டார வழக்கு' என்று ஓரமாக ஒதுக்குவார்கள்.

இனிக்காத வாசனைகளும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு டீசல் வாடை பட்டாலே போர்க்களம் கண்முன் வந்து நிற்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமிக்டலா அச்சத்தையும் இதே வழியில்தான் சேமிக்கிறது. அப்படியானால், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட பிறகு, கூரை கருகும் வாடை அந்த ஊருக்கு என்னவாக மாறியிருக்கும்? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் வீடுகள் கொளுத்தப்பட்டபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று எந்த வாடை எதைக் கொண்டுவரும்? வாசனையும் நினைவும் பற்றி உருகுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஆதிக்கச் சாதிக்கு இந்த அறிவியல் தெரியாது என்று எண்ண வேண்டாம். பாடப்புத்தகம் இல்லாமலே அதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2002-இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளை மலத்தை ஒருவருக்கொருவர் ஊட்டவைத்தார்கள். அடித்திருந்தால் காயம் ஆறும். வாயிலும் மூக்கிலும் எழுதியது ஆறாது என்று தெரிந்தே செய்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் எங்கள் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. இனி அந்த ஊர்க் குழந்தை ஒரு டம்ளர் தண்ணீரை மோந்து பார்க்காமல் குடிக்குமா?

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். குற்றப் பட்டியலில் முதல் இரண்டும் எவை? அருவருக்கத்தக்க பொருளைத் தின்ன வைப்பது, மலத்தையும் செத்த விலங்கையும் எங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கொண்டுவந்து கொட்டுவது. நாற்றத்தை ஆயுதமாக வீசுவது இங்கே வழக்கமாக இருந்ததால்தான் சட்டம் அதைத் தலைப்பில் வைக்க வேண்டியிருந்தது.

"அவங்களுக்கு அதெல்லாம் பழகிப்போயிடும்" என்ற பேச்சு இன்னொன்று. சாக்கடையில் இறங்குகிறவரைப் பற்றி இரக்கம்போலச் சொல்லப்படும் கொடூரம் இது. மூக்கு எந்த வாடைக்கும் சில நிமிடங்களில் மரத்துப்போவது உண்மை. உங்கள் மூக்கும் மரக்கும், வெளியே வந்தால் திரும்பிவிடும். அது எங்கள் சாதிக்கு வாய்த்த தனித் திறமை அல்ல. கழிவுநீர்த் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை வீசும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டதே என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரம்தான் அவர் மிக ஆபத்தில் இருக்கும் நேரம். அளவு இன்னும் ஏறினால் சில மூச்சில் உயிர் போகும். 'பழகிப்போச்சு' என்று மேலே நிற்பவர் சொல்வது கீழே சாவாக முடிகிறது.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று. பிந்தைய சட்டமும் பாதுகாப்புக் கருவிகள் தராமல் இறக்குவதைத்தான் ஆபத்தான துப்புரவு என்று வரையறுத்தது. கருவி தந்தோம் என்று காட்டிவிட்டு இறக்க அதில் வழி இருக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது. இறக்குவது நின்றதா?

"அப்படியானால் சுத்தமாக இருக்கலாமே, குளிக்கலாமே" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குளத்தையும் கிணற்றையும் பூட்டி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்பது விந்தை. ஊரின் கழிவு வந்து சேரும் பள்ளத்தில் எங்களுக்கு மனை ஒதுக்கியது யார்? ஓம்பிரகாஷ் வால்மீகி தன் வாழ்க்கை வரலாறான 'ஜூட்டன்' நூலைத் தொடங்குவதே குடியிருப்பைச் சூழ்ந்த குட்டையையும் நாற்றத்தையும் சொல்லித்தான். அந்த நாற்றம் அவருடைய மக்களின் உடலில் ஊறவில்லை, ஊர் அமைத்த விதத்தில் இருந்தது. அதே இடத்தில் யார் குடியிருந்தாலும் நாறத்தான் செய்யும்.

இன்று எங்கள் இளைஞர்கள் நேர்காணலுக்குப் போகும் முன் இரண்டு முறை குளிக்கிறார்கள், சட்டையில் கூடுதலாகச் செண்ட் அடிக்கிறார்கள், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைப் பாதி மூடியபடி சாப்பிடுகிறார்கள். தன் உடம்பைத் தானே மோந்து பார்த்துக்கொண்டே வாழும் வாழ்க்கை அது. இந்தச் சுமையை எங்கள் பிள்ளைகள் இறக்கி வைக்க வேண்டும். நோய் இருப்பது மோப்பம் பிடிக்கிறவரிடம். மருந்து சாப்பிட வேண்டியவரும் அவர்தான்.

மருந்து உண்டு என்பதும் இதே அறிவியல் சொல்வதுதான். கற்றுக்கொண்ட அருவருப்பை மாற்றவும் முடியும். அச்சமோ அவமானமோ இல்லாத சூழலில் அதே வாசனை திரும்பத் திரும்ப வரும்போது மூளை அதற்குப் புதுப் பொருள் எழுதிக்கொள்கிறது. அதனால் உபதேசத்தைவிட ஒரே பந்தியில் உட்காருவது வலிமையானது. அதைத் தடுக்கத்தான் தனிப் பந்தி, தனி வரிசை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகத்தில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் பழகிவிடும், பழகிவிட்டால் அருவருப்பு செத்துவிடும் என்ற பயம்தான் அந்தத் தனி வாசல்.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. சாக்கடைக்குள் எந்தக் காரணத்துக்காகவும், எந்தக் கருவியோடும் மனிதர் இறங்கக்கூடாது, இயந்திரம்தான் இறங்க வேண்டும். 'சைவம் மட்டும்' என்ற பலகையைத் தீண்டாமையின் வாடகைப் பதிப்பாகக் கருதிச் சட்டம் தலையிட வேண்டும். கல்வி நிலைய விடுதிகளில் தட்டுக்கும் வாசலுக்கும் சாதி பிரிக்கக்கூடாது. ஊர்க் கழிவு எங்கள் குடியிருப்பில் வந்து முடியும் அமைப்பை உள்ளாட்சிகள் மாற்ற வேண்டும்.

இவற்றோடு, படித்த நண்பர்களிடம் ஒரு வேலையும் கேட்கிறோம். அடுத்த முறை எங்கள் தெருவைக் கடக்கும்போதோ எங்கள் டப்பா திறக்கும்போதோ கை தன்னால் மூக்குக்குப் போனால், அதை வழியிலேயே நிறுத்துங்கள். இது எந்த வயதில், யார் முகத்தைப் பார்த்துக் கற்றது என்று யோசியுங்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.